குழந்தைக்கு ஆபத்து என்றால் முதலில் போன், அப்புறம்தான் மனு

மனு எழுதிப் பிழைக்கிறவள் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் சொல்கிறேன். உங்கள் தெருவிலோ, வேலை செய்யும் இடத்திலோ, பஸ் ஸ்டாண்டிலோ ஒரு குழந்தை ஆபத்தில் இருப்பதைப் பார்த்தால் என்னிடம் ஓடி வராதீர்கள். முதலில் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள். அடிக்கிறார்கள், ரத்தம் வருகிறது, வண்டியில் ஏற்றுகிறார்கள் என்று அந்த நிமிஷத்து ஆபத்தாக இருந்தால் அவசர உதவி எண் 112. மனு அதற்கு அப்புறம்.

வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை ஓரமாக ஒரு மடக்கு மேஜையும் பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் எழுதினார். அவர் போனதிலிருந்து 19 வருஷமாக நான். திங்கட்கிழமை குறைதீர்வு நாள், காலை ஏழு மணிக்கே ஆள் நிற்கும். பட்டா, முதியோர் பென்ஷன், தண்ணீர் வரவில்லை, அண்ணன் பாகம் தரவில்லை. நடுவில் குழந்தைகளைப் பற்றியும் வரும். அந்த மனுக்களில் நான் தப்பு செய்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. எந்தக் கதவைத் தட்டுவது, தட்டும்போது என்ன சொல்வது, அதுதான் எனக்குத் தெரியும்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஒரு கொத்தனார் வந்தார். லத்தேரிப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் ரூம் கட்டப் போனவர். அங்கே பத்து வயசுப் பெண் ஒன்று சுடாத பச்சைக்கல் தூக்குகிறது, காலில் சுட்ட புண், ஈ மொய்க்கிறது என்றார். "பாத்துகினு சும்மா வர முடியல எக்கா, எதனா எழுதிக் குடு." எழுதினேன். இரண்டு பக்கம். 'பிஞ்சுக் கரங்கள்', 'கண்ணீர்க் கடல்' எல்லாம் போட்டு, படித்தால் எனக்கே தொண்டை அடைக்கிற மாதிரி. "திங்கக்கெழம வா, கலெக்டர் கையிலயே குடுத்துடலாம்" என்று அனுப்பினேன். திங்கள் கொடுத்தோம். புதன்கிழமை ஆபீசர்கள் போனார்கள். நாலு குடும்பம் இருந்த கொட்டகையில் அடுப்புக் கல்லும் சாம்பலும்தான் இருந்ததாம். வெள்ளி சாயந்திரத்திலிருந்து புதன் வரை ஐந்து ராத்திரி கிடைத்திருக்கிறது சூளைக்காரர்களுக்கு. 1098 ராத்திரியும் எடுப்பார்கள், ஞாயிற்றுக்கிழமையும் எடுப்பார்கள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் பேனாவை எடுத்தேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதானே.

போனில் என்ன சொல்வது? இடத்தைச் சொல்லுங்கள், அதுதான் முக்கியம். 'லத்தேரி பக்கம்' என்றால் யாருக்கும் விளங்காது. எந்த ரோடு, எந்தக் கோயிலைத் தாண்டி, இடது பக்கமா வலது பக்கமா, கேட்டில் என்ன கலர் என்று சொல்லுங்கள். குழந்தைக்கு எத்தனை வயசு இருக்கும், ஆணா பெண்ணா, காயம் இருக்கிறதா, கூட யார், எந்த நேரத்தில் பார்த்தால் இருக்கும். உங்கள் பெயரைச் சொல்ல இஷ்டம் இல்லையென்றால் சொல்ல வேண்டாம். போன் பேசிய நேரத்தை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசிப் பேர் இதைச் செய்வதில்லை. பின்னால் 'எப்போது தகவல் சொன்னீர்கள்' என்று கேட்கும்போது தலையைச் சொறிவார்கள்.

காட்பாடி ஜங்ஷனில் தனியாகத் திரியும் பையன்களை நம்மவர்கள் நிறையப் பார்க்கிறோம். வடக்கே இருந்து வரும் வண்டிகள் நிற்கிற ஊர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். யாருமில்லாமல் நிற்கும் குழந்தையைக் கண்டவர் பிரயாண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று, குழந்தைகளின் பராமரிப்புக்கும் பாதுகாப்புக்குமான 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் 32-ஆம் பிரிவில் சொல்கிறது. போலீஸ், 1098, குழந்தைகள் நலக் குழு (ஆதரவில்லாத குழந்தை யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழு), மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, இதில் யாரிடம் சொன்னாலும் சரி. சொல்லாமல் விட்டால் அதுவே குற்றம்: 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். டீ வாங்கிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுத்துவிட்டு பிளாட்பாரத்தில் இருக்கும் ரயில்வே போலீஸிடம் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுங்கள்.

போன் போட்டாயிற்று. இப்போது மனு.

என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் தீர்ப்போடுதான் வருகிறார்கள். 'அவனத் தூக்குல போடணும்னு எழுது எக்கா.' எழுதினால் படிக்கிறவருக்குக் கோபம் வருமே தவிர வழக்கு வராது. சட்டம் நம்மிடம் மூன்றைத்தான் கேட்கிறது. குழந்தைக்கு என்ன வயசு, அது யார் பொறுப்பில் இருந்தது, நீங்கள் கண்ணால் பார்த்தது என்ன. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பது இந்த மூன்றிலிருந்து தானாக விழும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே பெட்டிக்கடையில் குட்கா விற்கிறார்கள் என்று ஒருவர் மனு கொண்டு வந்தார். பள்ளிக்கு 100 கஜத்துக்குள் புகையிலை விற்பதற்குப் புகையிலைச் சட்டத்தில் அபராதம் 200 ரூபாய் வரைதான். கடைக்காரர் ஒரு மணி நேரத்தில் சம்பாதித்துவிடுவார். "நீங்க இன்னா பாத்தீங்க?" என்று கேட்டேன். ஏழாவது படிக்கும் பையன் கையில் பொட்டலத்தைக் கொடுத்துக் காசு வாங்கியதைப் பார்த்திருக்கிறார், தேதியும் நினைவிருக்கிறது. அதை எழுதினால் கதையே வேறு. குழந்தைக்குச் சாராயமோ போதைப் பொருளோ புகையிலையோ கொடுப்பது இளைஞர் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவு: 7 வருஷம் வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். அதே கடை, அதே பொட்டலம்தான். மனுவில் ஒரு வரி மாறியது, அவ்வளவுதான்.

வயசை எப்படிக் காட்டுவது? 18 முடியாத யாரும் குழந்தைதான், மீசை முளைத்திருந்தாலும். ஆதாரை நீட்டுவார்கள். வயசு விவகாரத்தில் சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லையென்றால் நகராட்சியோ பஞ்சாயத்தோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லையென்றால் எலும்புப் பரிசோதனை. அந்த வரிசையில் ஆதார் இல்லை. உங்களிடம் ஒன்றும் இல்லையென்றால் 'பார்வைக்குச் சுமார் 10 வயது' என்று எழுதுங்கள், போதும். கண்டுபிடிப்பது அவர்கள் வேலை.

சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டும் இடம் என்றால் நான் முதலில் கேட்பது சம்பளத்தை இல்லை, அட்வான்ஸை. அப்பா அம்மா எவ்வளவு வாங்கியிருக்கிறார்கள், அதற்காகத்தான் குழந்தையும் வேலை செய்கிறதா, வெளியே போக விடுகிறார்களா? நம் பக்கம் இருளர் குடும்பங்கள் அட்வான்ஸ் வாங்கித்தான் வருஷக்கணக்கில் மாட்டிக்கொள்கின்றன. 'அட்வான்ஸ்' என்ற சொல் மனுவில் வந்துவிட்டால் அது வெறும் குழந்தைத் தொழிலாளர் விஷயம் இல்லை, 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும். கலெக்டர் மட்டுமல்ல, ஆர்.டி.ஓ.வும் (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரிக்க வரவேண்டியவர். வேலூர் மாவட்டத்தில் வேலூரிலும் குடியாத்தத்திலும் அந்த ஆபீஸ் இருக்கிறது. மீட்டபின் 'இவர் இனி கொத்தடிமை இல்லை' என்ற விடுதலைச் சான்றிதழ் வாங்காமல் ஊருக்கு அனுப்பினால் மறுபடி அட்வான்ஸ் வாங்கி வேறு சூளைக்குப் போவார்கள். ஆகவே மனுவிலேயே 'விடுதலைச் சான்றிதழ் வழங்க வேண்டுகிறேன்' என்று ஒரு வரி சேர்த்துவிடுவேன்.

14 வயது முடியாத குழந்தையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. 14-லிருந்து 18 வரை ஆபத்தான தொழிலில் வைக்கக் கூடாது. மீறும் முதலாளிக்கு 6 மாதத்திலிருந்து 2 வருஷம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 வரை அபராதம், அல்லது இரண்டுமே. 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் இது. குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் இருந்து வருகிறவர்கள், 'ஊட்டோட தானே செய்றோம், அதுக்கு சலுக கீதாமே' என்பார்கள். பள்ளி நேரம் போக, சொந்தக் குடும்பத் தொழிலில் கூடமாட உதவலாம் என்பது சட்டத்தில் இருப்பது வாஸ்தவம். ஆனால் ஆபத்தான தொழில் எதற்கும் அந்தச் சலுகை கிடையாது. புகையிலைத் தூளின் நெடியில் உட்கார்ந்து முனை மடக்கும் குழந்தைக்கு அந்தச் சலுகையைக் குடையாகப் பிடிக்காதீர்கள். கூலியைப் பிடித்து வைப்பது, அடைத்து வைத்து வேலை வாங்குவது என்றால் இளைஞர் நீதிச் சட்டத்தில் தனியாக 79-ஆம் பிரிவு: 5 வருஷம் வரை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 2021-இல் வந்த திருத்தத்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் சில குற்றங்கள், 79-ம் 77-ம் உட்பட, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாக விசாரிக்க முடியாத ரகத்துக்குப் போய்விட்டன. ஸ்டேஷனில் 'எங்களால ஒண்ணும் பண்ண முடியாதும்மா' என்று சொன்னால் அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதி இது: ஒரே சம்பவத்தில் போலீஸ் நேரடியாகப் பிடிக்கக் கூடிய குற்றம் ஒன்றாவது சேர்ந்திருந்தால் மொத்த வழக்கையும் அவர்களே எடுக்கலாம். கொத்தடிமைக் குற்றம் அந்த ரகம்தான். அதனால்தான் பார்த்ததை முழுசாகச் சொல்லச் சொல்கிறேன். 'வேலை வாங்குறாங்க' என்று மட்டும் எழுதி, அடைத்து வைத்திருப்பதையும் அட்வான்ஸையும் விட்டுவிட்டால் கதவை நாமே சாத்திய மாதிரி.

கொத்தனாருக்கு எழுதியதை இன்றைக்கு எழுதினால் இப்படி எழுதுவேன்:

'நான் கொத்தனார். கடந்த செவ்வாய் முதல் வெள்ளி வரை மேற்படி சூளையில் கட்டட வேலை செய்தேன். சுமார் 10 வயதுள்ள ஒரு பெண் குழந்தை தினமும் காலை 6 மணி முதல் பச்சைக்கல் சுமப்பதைப் பார்த்தேன். வலது காலில் சுட்ட புண் உள்ளது, கட்டுப் போடவில்லை. குழந்தையின் தகப்பனார் அட்வான்ஸ் வாங்கியிருப்பதாகவும் கடன் தீராமல் போக முடியாது என்றும் அவரே என்னிடம் சொன்னார். இரவில் கேட் பூட்டப்படுகிறது. இன்று மாலை 5.40-க்கு 1098-க்குத் தகவல் சொன்னேன். குழந்தையை மீட்டு, சிகிச்சை அளித்து, குழந்தைகள் நலக் குழு முன் ஆஜர்படுத்தி, குடும்பத்துக்கு விடுதலைச் சான்றிதழ் வழங்கி, பொறுப்பானவர்கள் மீது வழக்குப் பதிய வேண்டுகிறேன்.'

அவ்வளவுதான். கண்ணீர்க் கடல் இல்லை. பார்த்தது வேறு, கேட்டது வேறு என்று பிரித்திருப்பதைக் கவனியுங்கள். 'தகப்பனார் சொன்னார்' என்று எழுதியிருக்கிறேன், 'அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்' என்று எழுதவில்லை. பிரிவு எண் போடலாமா என்று கேட்பார்கள். தெரிந்தால் போடுங்கள், தப்பாகப் போடுவதைவிடப் போடாமலே இருக்கலாம். 2024 ஜூலை 1-லிருந்து இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. எண்ணெல்லாம் மாறிவிட்டது. பழைய 317, அதாவது 12 வயதுக்குட்பட்ட குழந்தையைக் கைவிட்டுப் போவது, இப்போது 93. இன்னமும் 317 என்று எழுதுகிற சீனியர்கள் என் வரிசையிலேயே இருக்கிறார்கள்.

அடுத்து, உடம்பைத் தொட்ட விவகாரம். இதில் மனுவை நான் எழுதுவதே இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? குழந்தைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. குற்றம் நடந்தது தெரிந்தால், நடக்கப் போகிறது என்று சந்தேகம் வந்தால்கூட, யாராக இருந்தாலும் போலீஸில் சொல்லியாக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை. பள்ளி, விடுதி மாதிரி நிறுவனத்தின் தலைமையில் இருப்பவர் தனக்குக் கீழே இருப்பவர் செய்ததை மறைத்தால் 1 வருஷம் வரை. வாங்கிப் பதியாத போலீஸுக்கும் இதே பிரிவில் தண்டனை உண்டு, அதைப் பலர் படித்ததில்லை. நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கு வராது.

இந்த விஷயத்தில் பெரியவர்கள் செய்யும் பெரிய கேடு, குழந்தையை ஆளாளுக்குக் கூப்பிட்டு விசாரிப்பது. சித்தி ஒரு தடவை, பெரியம்மா ஒரு தடவை, பக்கத்து வீட்டு அக்கா ஒரு தடவை. நாலாவது தடவையில் குழந்தை என்ன சொன்னால் விடுவார்கள் என்று பார்த்து அதைச் சொல்லும். முதல் முறை என்ன சொன்னதோ, அதே வார்த்தையில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். 'அந்த மாமா இங்க கிள்ளினாரு' என்றால் அப்படியே. அதைத் திருத்தி ஆபீஸ் தமிழாக்காதீர்கள். போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு வையுங்கள். அடுக்கம்பாறை பெரியாஸ்பத்திரியோ தனியார் ஆஸ்பத்திரியோ, முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தர வேண்டும், 'எஃப்.ஐ.ஆர். எடுத்துகினு வா' என்று திருப்பி அனுப்பக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும், நம்பிக்கையானவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

வாக்குமூலம் வாங்க போலீஸ்தான் குழந்தையிடம் வரவேண்டும். வீட்டிலோ, குழந்தைக்குப் பிடித்த இடத்திலோ, கூடியவரை எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத பெண் போலீஸ், காக்கி போடாமல். எந்தக் காரணத்துக்கும் குழந்தையை ராத்திரி ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. ஒரு அம்மா மகளோடு ஒரு ஸ்டேஷன் வாசலில் சாயந்திரம் நாலு மணியிலிருந்து ஒன்பது வரை உட்கார்ந்திருந்ததாக என்னிடம் சொன்னாள். எந்த ஸ்டேஷன் என்று நான் எழுதப் போவதில்லை. உங்களை உட்கார வைத்தால் இதைச் சொல்லுங்கள்: "மேடம், போக்சோல 24-ஆம் பிரிவு, ஊட்டுக்கு வந்து எழுதிக்கணும்." சண்டையாக வேண்டாம், மெதுவாகவே. பிரிவு எண் தெரிந்தவரிடம் குரல் தானாக இறங்கும்.

ஊர்ப் பஞ்சாயத்து பேசி முடிக்கலாம் என்பார்கள். பணம் வாங்கிக்கொண்டு பையனோ பெண்ணோ பெரிதானபின் மறந்துவிடும் என்பார்கள். ராஜஸ்தானில் ஒரு ஆசிரியர் மேல் இருந்த வழக்கை, பெண்ணின் அப்பா சமரசம் ஆகிவிட்டார் என்று ஐகோர்ட் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளி, வழக்கைத் தொடரச் சொன்னது. அந்தச் செய்தியை நான் வெட்டி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். சமரசப் பத்திரம் எழுதச் சொல்லி யாராவது வந்தால் விரலால் காட்டுவேன்.

கல்யாண விஷயம். பெண்ணுக்கு 18, பையனுக்கு 21. ஆவணி பிறந்தால் ஒன்றிரண்டு வந்துவிடும், அதுவும் தோழிகளிடமிருந்துதான், பத்தாவது படிக்கிற பிள்ளைகள் யூனிபார்மோடு நிற்பார்கள். "ஆயா, எங்க க்ளாஸ் பொண்ணுக்கு வியாழக்கெழம கல்யாணம்." முகூர்த்தத்துக்கு முன்னால் என்றால் 1098 அல்லது பெண்கள் உதவி எண் 181, மாவட்டச் சமூக நல அலுவலர். மாஜிஸ்திரேட் தடை உத்தரவு போடலாம், அதை மீறித் தாலி கட்டினால் அந்தக் கல்யாணம் செல்லாது. பத்திரிகை இருந்தால் போட்டோ எடுத்து வையுங்கள். பத்திரிகை அடிக்காமல் மலைக்கோயிலில் கட்டுகிறவர்கள்தான் அதிகம், அப்போது கோயில் பெயரும் நேரமும். கட்டிக்கொள்கிற 18 தாண்டிய ஆணுக்கும், நடத்தி வைத்தவருக்கும், பெற்றவருக்கும் 2 வருஷம் வரை, 1 லட்சம் வரை. பெண்களுக்கு இதில் சிறை கிடையாது, அபராதம் உண்டு. பெண்ணின் அம்மாக்கள் மனசளவில் பல நேரம் நம் பக்கம்தான். சிறை இல்லை என்று தெரிந்தால் வாயைத் திறப்பார்கள்.

இனி நான் மனு எழுத மறுத்த கதை ஒன்று. ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு பெண், புருஷன் இல்லை, ஆறு வயசுப் பையனைப் பள்ளி விட்டதும் வீட்டில் தனியாக இருக்கச் சொல்லிவிட்டு ஏழு மணி கம்பெனி பஸ்ஸில் திரும்புகிறாள். பக்கத்து வீட்டுக்காரி கோபமாக வந்தாள். "புள்ளய அம்போனு உட்டுட்டுப் போறா, உள்ள தள்ளணும்." இளைஞர் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவு, பொறுப்பில் இருக்கும் குழந்தையை அடிப்பது, கைவிடுவது, கொடுமைப்படுத்துவது, வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது: 3 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் அபராதம், அல்லது இரண்டும். விடுதி மாதிரி நிறுவனத்து ஆள் செய்தால் 5 வருஷம், 5 லட்சம். அதில் 'வேண்டுமென்றே' என்ற சொல்லை நான் அடிக்கோடு போட்டுக் காட்டினேன். அவள் வேண்டுமென்றா விடுகிறாள்? வேறு வழியில்லாமல் பெற்றவர் குழந்தையைக் கைவிட்டால் அதை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளக் கூடாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. இவள் கைவிடவும் இல்லை. அவள் மேல் புகார் எழுதுவதற்குப் பதில் அவளையே கூட்டிவரச் சொன்னேன். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நிதி ஆதரவுத் திட்டத்துக்கு விண்ணப்பம் எழுதினோம். நிபந்தனைகள் உண்டு, பொருந்தினால் மாதம் 4,000 ரூபாய். மாலை ஏழு வரை பையன் தன் வீட்டில் இருக்கட்டும் என்று அந்தப் பக்கத்து வீட்டுக்காரியே சொன்னது நான் எதிர்பார்க்காதது.

அதே பிரிவில் வந்த இன்னொருவர் கரண்டியைக் காய்ச்சி மகன் கையில் வைத்தவர். 20 ரூபாய் திருடினானாம். அவர் மேல் மனு எழுத நான் யோசிக்கவே இல்லை.

பெற்ற குழந்தையை வளர்க்க முடியாது என்ற நிலைமையில் இருப்பவர்களுக்கு: கோயில் வாசலிலோ, பாலாற்று மணலிலோ, குப்பைத் தொட்டியிலோ விட்டால் 93-ஆம் பிரிவு, 7 வருஷம் வரை. குழந்தைகள் நலக் குழு முன் போய் ஒப்படைத்தால் அது குற்றமே இல்லை. எழுதிக் கொடுக்க வேண்டும், மனம் மாற 2 மாதம் டைம் தருவார்கள். 1992-இல் வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் பல பேருக்கு நினைவிருக்கும். 'யாரோ சொந்தக்காரங்களுக்கு பத்திரம் எழுதிக் குடுத்துடறோம்' என்று வெள்ளைத்தாளில் தத்து எழுதச் சொல்லி என்னிடம் வந்திருக்கிறார்கள். அது தத்து ஆகாது. முறைப்படி இல்லாமல் கைமாற்றுவது 80-ஆம் பிரிவு, காசு வாங்கினால் 81-ஆம் பிரிவு, குழந்தை விற்பனை. எழுதிக் கொடுத்த எனக்கும் சேர்த்துத்தான்.

ஸ்டேஷனில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரைட்டரிடம் மனுவைக் கொடுத்தால் ஒரு ரசீது தருவார். அது சி.எஸ்.ஆர்., எஃப்.ஐ.ஆர். இல்லை. எஃப்.ஐ.ஆர். ஆனால் நகல் இலவசமாகத் தர வேண்டும். 'இது எங்க லிமிட் இல்ல' என்று சொல்லக் கூடாது, எந்த ஸ்டேஷனிலும் வாங்கிப் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். நம் ஊரில் இது ரொம்பத் தேவைப்படுகிறது. 2019 நவம்பரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டம். ஆற்காடு, வாலாஜாக்காரர்களும் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களும் பழைய பழக்கத்தில் இன்னமும் வேலூருக்கே பஸ் ஏறுகிறார்கள். கலெக்டர் மனு என்றால் அவரவர் மாவட்டத்தில் கொடுங்கள். போலீஸ் புகார் என்றால் பக்கத்து ஸ்டேஷன் எதுவோ அதில். வாங்கவே மறுத்தால் அதே மனுவை எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், ரசீதைத் தொலைக்காதீர்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட். அங்கே வக்கீல் வேண்டும், காசில்லை என்றால் 15100-க்குப் போன் போட்டால் இலவச சட்ட உதவி.

வாட்ஸ்அப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நல்ல மனசோடு ஒருவர், அடிபட்ட குழந்தையின் போட்டோவையும் நான் எழுதிய மனுவையும் சேர்த்து ஊர் குரூப்பில் போட்டுவிட்டார். குழந்தையின் பெயர், பள்ளி, தெரு எல்லாம். மறுநாள் அந்தக் குழந்தை பள்ளிக்குப் போகவில்லை. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், போக்சோவிலும் தனியாக உண்டு. அன்றிலிருந்து குழந்தையின் பெயரை மனுவில் எழுதாமல் தனித் தாளில் எழுதி, கவரில் ஒட்டி இணைக்கிறேன்.

என் வீட்டுக் கதையும் ஒன்று இருக்கிறது, மறைத்தால் நியாயமில்லை. பேரனுக்கு 15 வயசு. டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் கேனை மாட்டிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போவான், அப்படியே காட்பாடி ரோடு வரை ஒரு சுற்று. மாப்பிள்ளைக்கு அதில் பெருமை. மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவை அவருக்கு வாசித்துக் காட்டினேன். சின்னப் பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ 3 வருஷம் வரை சிறை, 25,000 அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. சிறைக்கு அவர் அசையவில்லை, 25 வயசுக்கு அசைந்தார். இப்போது சாவி என் முந்தானையில்.

கடைசியாக ஜெராக்ஸ். மனு கொடுக்கும் முன் இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் சீல் வாங்குங்கள். போன் பேசிய நேரம் குறித்த காகிதத்தையும் அதோடு பின் போட்டு வையுங்கள். வழக்கு உடனே வராது. போக்சோவில் ஒரு வருஷத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, மற்றதில் இன்னும் இழுக்கும். இதே சத்துவாச்சாரி கோர்ட்டில் கூண்டில் நிற்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்: "அது வலது காலா, இடது காலா? கேட் பூட்டியிருந்துச்சா, சாத்தியிருந்துச்சா?" போவதற்கு முந்தின ராத்திரி உங்கள் நகலை எடுத்து ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள். என் பக்கத்துக் கடையில் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். திங்கட்கிழமை மட்டும் மூன்று ரூபாய் கேட்பான், கொடுக்காதீர்கள்.